இரண்டு மணி

பாட்டகோனியாவில் காற்றுக்கு வாய் மூடாது.
கொமொடோரோவிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர்,
சரளைச் சாலை, பனி உறைந்த வளைவுகள்,
வேலிக்கம்பியில் சிக்கிய ஆட்டுமயிர்.
பதினோராம் எண் எரிவாயு அளவை நிலையத்துக்கு
நான் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு.

பகலிலேயே வந்திருக்க வேண்டியவள்.
டயர் வெடித்த கதையை எவாரிஸ்டோ கேட்கவில்லை,
மாத்தே கிண்ணத்தை நீட்டினான்.
"கேட்கிறதா, நெலிதா?"
"ஒன்றும் கேட்கவில்லையே."
"அதுதான்!"
பதினான்கு குளிர்காலமாகக் கதவிடுக்கில் ஊளையிட்டதை
செவ்வாய்க்கிழமை
ஒரு சிலிக்கோன் குழாயால் வாயடைத்துவிட்டானாம்.
கொட்டகைக்குள் முதன்முறையாகக் கதகதப்பு.
லேசாகக் காடி வாடை.

சுவரில் ஒரு இரும்புத் தலை.
அதற்குள் இரண்டு மணி, கடுகளவு,
பிளாட்டினக் கம்பிச் சுருளில் கோத்தவை.
இரண்டும் ஐந்நூறு டிகிரியில்
இரவும் பகலும் காய்பவை.
ஒருத்தி, வாயு தொட்டால் பற்றிக்கொள்வாள்.
மற்றவள் எதற்கும் அசையமாட்டாள்.
பற்றுகிறவளுக்கும் பற்றற்றவளுக்கும் இடையே
எவ்வளவு தூரம் என்பதுதான்
திரையில் தெரியும் எண்.
துறவி ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துத்தான்
சூடு கண்டவளை அளக்கிறோம்.

இங்கே வாயுவுக்கு வாசம் கிடையாது.
ஊருக்குள் நுழையுமுன்தான் நாற்றம் கலப்பார்கள்.
அதுவரை பிறந்த மேனிக்கு வரும்.
மூக்குள்ளவனும் மூக்கறையனும்
இந்தக் கொட்டகையில் சமம்.

திரையில் சுழி.
"மூன்று நாளாய்ச் சுழி," என்றான்,
பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியதைச் சொல்வதுபோல.
முன்பெல்லாம் ஒன்று, இரண்டு என்று
நச்சரித்துக்கொண்டே இருக்குமாம்.

காடி வாடை என்னை விடவில்லை.
பையிலிருந்து சோதனை உருளையை எடுத்தேன்,
இரும்புத் தலைக்குக் குல்லாய் மாட்டித் திருகைத் திறந்தேன்.
வெடிக்கும் அளவில் பாதி மீத்தேன்.
ஐம்பது காட்ட வேண்டும்.
பத்து எண்ணினேன்.
முப்பது.
எவாரிஸ்டோ கிண்ணத்தை உறிஞ்சுவதை நிறுத்தினான்.
அறுபது எண்ணியும்
சுழி.

ஒன்றுமில்லை என்று சொல்கிற சுழி,
சொல்ல நாக்கில்லாத சுழி,
எழுதினால் இரண்டும் ஒரே வட்டம்.

கதவுக்குப் பூசிய பசை ஆவியாய் எழுந்து
மணியின்மேல் கண்ணாடித் தோலாய்ப் படிந்திருந்தது.
காய்கிறாள், காய்ந்துகொண்டேதான் இருக்கிறாள்,
பற்றமாட்டாள்.
துறவிகள் இருவராகிவிட்டால்
இடையே தூரம் ஏது?

"எழுந்திரு. எந்தச் சுவிட்சையும் தொடாதே.
விளக்கு எரியட்டும். வெளியே வா."
கைக்கருவி வண்டியிலேயே கிடந்தது.
அது என் தப்பு, மறைக்கமாட்டேன்.
எடுத்துவந்து வாசலில் நீட்டினேன்: ஒன்பது.
மூன்றாம் குழாயிணைப்பின் பக்கம் கையை மட்டும் நுழைத்தேன்:
இருபத்துமூன்று.
என் கைதானா நடுங்கியது,
கருவியா, தெரியவில்லை. அது அலறிக்கொண்டிருந்தது.

கதவை மலர்த்திக் கல்லை அண்டை கொடுத்தோம்.
காற்று மூன்று நாள் பசியோடு உள்ளே போனது,
பதிவேட்டின் தாள்களைப் புரட்டியது,
அவன் நாற்காலிமேலிருந்த போர்வையைத் தரையில் இழுத்தது.
நாங்கள் வண்டிக்குப் பின்னால் குந்தியிருந்தோம்.
அவன் மன்னிப்புக் கேட்கவில்லை.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
குளிரில் பேசினால் பல்தான் பேசும்.

விடிந்தபின் வால்வை மூடி இணைப்பை இறுக்கினோம்.
மின்சாரத்தை நிறுத்தி, புதுத் தலை மாட்டி, மறுபடி கொடுத்து,
உருளையைத் திறந்தேன். பத்து எண்ணுவதற்குள்
ஐம்பது. அபாய மணி கொட்டகையைப் பிளந்தது.
எவாரிஸ்டோ காதைப் பொத்தவில்லை.
ஆட்டுமயிர் கத்தரிக்கும் கத்தியால்
நிலையோரமிருந்த பசையை
நீளநீளமாய் உரித்துக்கொண்டிருந்தான்,
வெள்ளைப் பாம்பின் சட்டைபோல.
கடைசித் துண்டு வந்ததும்
கதவிடுக்கு ஊளையிட்டது.

செத்த மணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
படிவத்தில் பழுதுக்குக் காரணம் என்று ஒரு கட்டம்.
பேனா உறைந்திருந்தது, ஊதி ஊதி
"குளிர்" என்று எழுதினேன்.